மெட்டாலிகாவின் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ கிட்டார் டோன்: அது எந்த ஆம்ப்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க மெட்டல் இசைக்குழுவான மெட்டாலிகா 1986 மார்ச்சில் வெளியிட்ட ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ ஆல்பத்தைக் கேட்டுவிட்டுக் கிட்டாரைக் கையில் எடுத்தவர்கள் ஏதாவது ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்து சேர்வார்கள்: அதில் வாசித்தது எந்த நிறுவனத்தின் ஆம்ப், அதாவது கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்? மார்ஷல் என்று ஒரு கட்சி அடித்துச் சொல்லும், மீசா பூகி என்று இன்னொரு கட்சி சத்தியம் செய்யும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். ஆல்பத்தின் பெயர் நீளம் என்பதால் இனி ‘மாஸ்டர்’ என்றே எழுதுகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். எந்த ஆம்ப்?

மீசா பூகி மார்க் டூ-சி பிளஸ். ஆனால் அதை முழு ஆம்ப்பாக அப்படியே ஸ்பீக்கரில் மாட்டி வாசிக்கவில்லை. அதன் பிரீஆம்ப்பில் டிஸ்டார்ஷனை உருவாக்கி, அங்கிருந்து சிக்னலை வெளியே எடுத்து, ஒரு மார்ஷலின் பவர் பகுதிக்குள் விட்டிருக்கிறார்கள். ஆக, சண்டை போடும் இரண்டு கட்சிக்கும் இதில் பங்கு உண்டு. இருந்தாலும் பெரும்பங்கு மீசாவுக்குத்தான் என்பேன். இந்த ஆல்பத்தில் நாம் கேட்கும் கரகரப்பின் குணம் பிரீஆம்ப்பில் பிறந்தது.

பிரீஆம்ப், பவர் பகுதி என்று பிரிக்கிறீர்களே, அதென்ன?

கிட்டாரின் பிக்கப்பிலிருந்து வருவது மிகச் சிறிய மின்சிக்னல். பிரீஆம்ப் அதைப் படிப்படியாகப் பெரிதாக்கும். வால்வு (வெற்றிடக் குழாய்) தாங்குவதற்கு மேல் தள்ளும்போது அலையின் உச்சி வெட்டுப்படும். டிஸ்டார்ஷன் என்பது அதுதான். கீழ், நடு, மேல் அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் பாஸ், மிட், ட்ரெபிள் குமிழ்களும் இந்தப் பகுதியில்தான் இருக்கும். அங்கிருந்து வரும் சிக்னலுக்கு ஸ்பீக்கரை அசைக்கும் பலம் போதாது. அந்தப் பலத்தைக் கொடுப்பது பவர் பகுதி, அதாவது பெரிய வால்வுகளும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும்.

மீசாவில் வழக்கமாக இருந்தது 6எல்6 வால்வு. பிரிட்டிஷ் மார்ஷலில் இஎல்34. இரண்டும் ஒரே சிக்னலுக்கு ஒரே மாதிரி பதில் சொல்வதில்லை. டிரான்ஸ்ஃபார்மரும் அதைச் சுற்றிய சர்க்யூட்டும் வேறு. அதனால் மீசாவின் முன்பகுதியையும் மார்ஷலின் பின்பகுதியையும் ஒட்டினால், எந்தக் கடையிலும் கிடைக்காத மூன்றாவது ஆம்ப் ஒன்று கிடைத்துவிடுகிறது. ‘மாஸ்டர்’ டோனைத் தேடி மீசாவை மட்டும் வாங்கியவர்களும் மார்ஷலை மட்டும் வாங்கியவர்களும் பாதி வழியில் நின்றுபோனதற்கு இது ஒரு காரணம்.

இதில் யாரும் அதிகம் பேசாத ஒரு சிக்கல் உண்டு. அந்தக் காலத்தின் பிரபலமான மார்ஷல் ஜேசிஎம்800 2203 மாடலுக்குத் தொழிற்சாலையில் எஃபெக்ட்ஸ் லூப், அதாவது பிரீஆம்ப்புக்கும் பவர் பகுதிக்கும் நடுவே வெளிச் சிக்னலை நுழைக்கும் ஜாக், வைக்கவில்லை. வெளியிலிருந்து வரும் சிக்னல் நேராகப் பவர் பகுதிக்குள் நுழைய வழியே கிடையாது. அப்படி நுழைய வேண்டுமென்றால் லூப் உள்ள மாடலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் யாராவது உள்ளே கைவைத்து மாற்றியிருக்க வேண்டும். அதனால் மார்ஷலின் முன்பக்க ஜாக்கில் மீசாவின் சிக்னலைச் செருகிவிட்டு, ‘அந்த டோன் வரவில்லையே’ என்று வருந்த வேண்டாம். வராது. அங்கே இரண்டு பிரீஆம்ப்களை அடுக்கியிருக்கிறீர்கள்.

அந்த மார்க் டூ-சி பிளஸ் அப்படி என்ன விசேஷம்?

மீசா பூகியைத் தொடங்கியவர் ராண்டல் ஸ்மித். கலிஃபோர்னியாவில் ஃபெண்டரின் சின்ன பிரின்ஸ்டன் ஆம்ப்களைப் பிரித்து, உள்ளே பெரிய பாகங்களை ஏற்றி விற்றதில் ஆரம்பித்தது அவர் தொழில். மார்க் ஒன், மார்க் டூ என்று வளர்ந்து, 1980களின் நடுவில் வந்தது டூ-சி பிளஸ். 1985இல் மார்க் த்ரீ வந்ததும் இதை நிறுத்திவிட்டார்கள். கொஞ்ச காலமே தயாரானதால் பழைய சந்தையில் யானை விலை.

டோனுக்கு முக்கியமான விஷயம் குமிழ்கள் இருக்கும் இடம். மார்ஷலில் டிஸ்டார்ஷன் உண்டான பிறகுதான் பாஸ், மிட், ட்ரெபிள் வரும். மீசாவின் மார்க் வரிசையில் தலைகீழ்: முதல் வால்வைத் தாண்டியதுமே டோன் குமிழ்கள், அதற்கப்புறம்தான் லீட் சேனலின் கனமான கெய்ன், அதாவது சிக்னலை டிஸ்டார்ஷன்வரை தள்ளும் பெருக்கம். அப்படியானால் பாஸ் குமிழைத் திருப்பும்போது நீங்கள் கூட்டுவது வெளியே வரும் பாஸை அல்ல, டிஸ்டார்ஷனுக்குள் போகும் பாஸை. அதிகம் போனால் அடித்தந்தி கொழகொழவென்று ஆகிவிடும். வேகமான பாம் மியூட்டில் (உள்ளங்கை ஓரத்தால் தந்தியை அழுத்தியபடி அடிப்பது) ஒரு அடியும் அடுத்த அடியும் ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே மீசாக்காரர்கள் பாஸ் குமிழை ஏறக்குறைய அணைத்தே வைப்பார்கள். எண் 2 என்பதே அதிகம். அங்கே வெட்டியதை ஈடுகட்டத்தான் முன்பக்கம் வலது ஓரத்தில் ஐந்து சறுக்குக் குமிழ்கள் கொண்ட கிராஃபிக் ஈக்வலைசர்: 80, 240, 750, 2200, 6600 ஹெர்ட்ஸ். இது டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் வருவது. 80ஐ ஏற்றி, 750ஐ நன்றாக இறக்கி, 6600ஐ ஏற்றினால் ஆங்கில ‘வி’ வடிவம் கிடைக்கும். டிஸ்டார்ஷனுக்குள் மெலிந்த, இறுக்கமான சிக்னல் போகிறது, வெளியே வந்த பிறகு அதற்குச் சதை போடுகிறார்கள். 80களின் வேகமான மெட்டல் வகையான த்ராஷ் மெட்டலில் நாம் கேட்கும் இறுக்கத்துக்கும் கனத்துக்கும் பின்னாலுள்ள சூட்சுமம் இந்த வரிசைதான். ஆம்ப்பின் பெயரை மறந்தாலும் பரவாயில்லை, இந்த வரிசை நினைவிருந்தால் போதும்.

இதற்கெல்லாம் ஆதாரம் என்ன? யார் சொன்னது?

இந்த விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம். இசைக்குழுவும் பேசியிருக்கிறது, ஒலிப்பதிவு செய்தவரும் பேசியிருக்கிறார், ஆம்ப்பும் உயிரோடு இருக்கிறது. ஆல்பம் பதிவானது 1985 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, டென்மார்க்கின் கோபன்ஹேகனில் இருந்த ஸ்வீட் சைலன்ஸ் ஸ்டுடியோவில். குழுவோடு சேர்ந்து தயாரித்தவர் ஃபிளெமிங் ராஸ்முசன். குழுவின் பாடகரும் கிட்டார்காரருமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் மீசாக்களில் ஒன்றின் மேல் ‘கிரஞ்ச் பெரிஸ்’ என்று எழுதி ஒட்டியிருக்கும். அது காலை உணவு தானிய டப்பாவின் பெயர். பிற்காலப் படங்களிலும் அந்த ஆம்ப்பை அடையாளம் காணலாம் என்பதால், எந்தப் பெட்டியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் குழப்பமில்லை.

எல்லா ஆம்ப் விசாரணைக்கும் இந்த மூன்றும் கிடைக்காது. கிடைக்காதபோது நான் வைக்கும் வரிசை: ஸ்டுடியோவுக்குள் எடுத்த படம் முதலில், ஒலிப்பதிவாளரின் பேச்சு அடுத்து, கலைஞரின் பேச்சு அதற்கடுத்து, மேடைப் படம் கடைசி. கலைஞரை ஏன் மூன்றாவதாக வைக்கிறேன் என்றால், அவருக்கு வாசிப்பில்தான் கவனம். இருபது வருடம் கழித்துக் கேட்டால் மூன்று ஆல்பங்களின் ஆம்ப்களைக் கலந்து சொல்வார். ஒரு நிறுவனத்தோடு விளம்பர ஒப்பந்தம் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

மேடைப் படங்களை ஏன் நம்பக் கூடாது? கண்ணுக்குத் தெரிகிறதே!

கண்ணுக்குத் தெரிவது பெட்டி. உள்ளே ஸ்பீக்கர் இருக்கிறதா என்று படத்தில் தெரியாது. மெட்டல் மேடைகளில் சுவர்போல அடுக்கிய கேபினெட்களில் பல வெறும் கூடு என்பது ஊரறிந்த ரகசியம். அதோடு சுற்றுப்பயணத்துக்குக் கொண்டுபோவது உடைந்தாலும் பரவாயில்லை என்கிற சாமான். ஸ்டுடியோவில் வாசித்தது வீட்டில் பத்திரமாக இருக்கும்.

மெட்டாலிகாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2013 டிசம்பர் 8 அன்று அண்டார்க்டிகாவில், அர்ஜென்டினாவின் கார்லினி ஆய்வுத்தளத்தில் வாசித்தார்கள். ஆம்ப் சத்தம் வெளியே வரக் கூடாது என்பதால் பார்வையாளர்கள் ஹெட்ஃபோனில் கேட்டார்கள். இப்போதெல்லாம் மேடையில் அவர்கள் பயன்படுத்துவது ஃப்ராக்டல் நிறுவனத்தின் டிஜிட்டல் மாடலர், அதாவது அசல் ஆம்ப்களின் சத்தத்தைக் கணினி வழியாகப் போலச் செய்யும் கருவி. இன்றைய கச்சேரி வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து 1985இன் ஆம்ப்பைக் கண்டுபிடிக்க முடியாது.

ஸ்டுடியோ படம் ஒன்று கிடைத்தது, ஆனால் மங்கல். லோகோ தெரியவில்லை. என்ன செய்வது?

குமிழ்களை எண்ணுங்கள். மார்ஷல் 2203 என்றால் தங்க நிறத் தகடு, வரிசையாக ஆறு குமிழ்: பிரெசென்ஸ், பாஸ், மிடில், ட்ரெபிள், மாஸ்டர், பிரீஆம்ப். வலது பக்கம் இரண்டு ஜாக். இரண்டு சேனல் உள்ள 2205, 2210 மாடல்களில் தகடு முழுக்கக் குமிழ் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். எண்ணிக்கை ஆறைத் தாண்டினாலே 2203 இல்லை என்று ஒதுக்கிவிடலாம்.

டூ-சி பிளஸ் என்றால் கறுப்புத் தகடு, ஏழு குமிழ், ஈக்வலைசர் வைத்து வாங்கியிருந்தால் வலது பக்கம் ஐந்து சறுக்கு. குமிழ்களில் பலவற்றை வெளியே இழுக்கலாம், இழுத்தால் வேறு வேலை செய்யும். எனவே ஒரு குமிழ் மற்றதைவிடத் துருத்திக்கொண்டிருந்தால் அதுவும் ஒரு செய்திதான். பிரெசென்ஸ் பின்பக்கம் இருப்பதால் முன்பக்கப் படத்தில் தேட வேண்டாம். சறுக்குகள் ‘வி’ வடிவத்தில் நிற்பது படத்தில் தெரிந்துவிட்டால், அதைவிடப் பெரிய பரிசு வேறு கிடையாது.

காதால் கேட்டே சொல்ல முடியாதா? எனக்கு நல்ல காது.

ஓரளவு சொல்லலாம். ‘கெய்ன் எவ்வளவு, மிட் வெட்டியிருக்கிறதா, அடித்தந்தி இறுக்கமா தளர்வா’ என்பதுவரை காது வரும். அதற்கு மேல் கம்பெனி பெயரைச் சொல்வது, சாம்பாரைச் சாப்பிட்டுப் பார்த்துப் பெருங்காயம் எந்தக் கம்பெனி என்று சொல்வதற்குச் சமம்.

காதை ஏமாற்றிய இரண்டு பேரைச் சொல்கிறேன். பான்டெரா குழுவின் டைம்பேக் டேரல் 1990, 1992 ஆல்பங்களில் வாசித்தது ராண்டல் என்ற நிறுவனத்தின் (மீசாவின் ராண்டல் ஸ்மித் அல்ல) டிரான்சிஸ்டர் ஆம்ப். ‘வால்வு இல்லாமல் இப்படி ஒரு டோன் வராது’ என்று இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வந்துவிட்டது, முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அடுத்தது ஸ்வீடனின் என்டூம்ட் குழு. ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டுடியோவில் பதிவாகி 1990இல் வந்த அவர்களது முதல் ஆல்பத்தில் மரம் அறுக்கிற சத்தம்போல வரும் கிட்டாரின் ரகசியம் ஆம்ப்பே அல்ல. பாஸ் (Boss) நிறுவனத்தின் எச்எம்-2 பெடல், அதாவது கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவே மாட்டும் சின்னப் பெட்டி, எல்லாக் குமிழும் கடைசிவரை திருப்பியது. அந்த டோனுக்கு எந்த ஆம்ப் என்று தேடுபவர் தவறான பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கணினியில் ஸ்பெக்ட்ரம் போட்டுப் பார்த்தால்?

எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று வரையும் ஸ்பெக்ட்ரம் காட்டுவது ஆம்ப்பை மட்டும் அல்ல. கிட்டார், விரல், பெடல், ஆம்ப், ஸ்பீக்கர், மைக், மைக் வைத்த இடம், மிக்சிங் மேசை, மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் ஒலியைச் சரிசெய்யும் கடைசிக் கட்டம்) எல்லாம் சேர்ந்த கூட்டுத்தொகை அது. ‘மாஸ்டர்’ கோபன்ஹேகனில் பதிவானாலும், மிக்ஸ் செய்தவர் மைக்கேல் வாகனர், வேறு ஊரில், லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்த அமிகோ ஸ்டுடியோவில். மாஸ்டரிங் ஜார்ஜ் மரினோ. ஒவ்வொருவரும் ஈக்வலைசரைத் தொட்டிருப்பார்கள். நீங்கள் அலசுவது 1986 எல்பியா, பழைய சிடியா, 2017 ரீமாஸ்டரா என்பதைப் பொறுத்தும் கோடு மாறும்.

ஸ்பெக்ட்ரம் ஒரு வேலைக்கு உருப்படியாக உதவும்: ஒப்பிடுவதற்கு. நீங்கள் பதிவு செய்த டோனையும் ஆல்பத்தின் தனிக் கிட்டார் பகுதியையும் பக்கத்தில் வைத்தால், 750 பக்கம் பள்ளம் போதவில்லை, 5000க்கு மேல் இரைச்சல் அதிகம் என்பதெல்லாம் பளிச்சென்று தெரியும். அது சமைப்பவருக்கான கருவி. போலீஸ்காரருக்கானது அல்ல.

தனிக் கிட்டார் டிராக் எங்கிருந்து வருகிறது?

2009இல் வந்த ‘கிட்டார் ஹீரோ: மெட்டாலிகா’ வீடியோ கேமுக்காகப் பாடல்களைக் கிட்டார் தனி, டிரம் தனி என்று பிரித்துக் கொடுத்திருந்தார்கள். ரசிகர்கள் அதிலிருந்து எடுத்தவைதான் இன்று சுற்றுகின்றன. அதோடு 2017 இறுதியில் குழுவே வெளியிட்ட ‘மாஸ்டர்’ பெட்டித் தொகுப்பில் ஒலிப்பதிவு நேரத்து ரஃப் மிக்ஸ்கள் இருக்கின்றன. இறுதி மெருகுக்கு முன்னால் எப்படி இருந்தது என்று கேட்க அவை நல்ல வழி.

சமீபத்தில் மென்பொருள் கொண்டு பாட்டிலிருந்து கிட்டாரைப் பிரித்தெடுக்கிறார்கள். வாசிக்கக் கற்க நல்லது. டோனை ஆராய அதை வைத்துக்கொள்ள வேண்டாம். சிம்பல் சத்தத்தை அழிக்கும்போது கிட்டாரின் மேல் அதிர்வெண்ணையும் சேர்த்து அரித்துவிடும்.

தனியாகக் கேட்டால் மெலிசாக இருக்கிறதே. இதுவா அந்த ராட்சச டோன்?

இந்த ஏமாற்றம் எல்லாருக்கும் வரும். நீங்கள் நினைத்ததைவிடக் கெய்ன் குறைவு, பாஸும் குறைவு. ராட்சசத்தனம் அடுக்குவதில் இருக்கிறது. ஹெட்ஃபீல்ட் ஒரே ரிதம் பகுதியை, அதாவது பாட்டைத் தாங்கும் அடிப்படை வாசிப்பை, இடது பக்கத்துக்கு ஒருமுறை, வலது பக்கத்துக்கு ஒருமுறை தனித்தனியாக வாசிப்பார், தேவைப்பட்ட இடத்தில் மேலும் சேர்ப்பார். காப்பி எடுத்து ஒட்டினால் இது வராது. இரண்டு வாசிப்புக்கும் நடுவே உள்ள மயிரிழை வித்தியாசம்தான் அகலத்தைத் தருகிறது. அப்புறம் கிளிஃப் பர்ட்டனின் பாஸ் கிட்டார் கீழே வந்து உட்காரும்போது, கிட்டாரில் இல்லாத கனத்தைக் கிட்டாரின் கணக்கில் நம் காது எழுதிவிடுகிறது.

இதற்கு எதிர்ச்சாட்சியும் மெட்டாலிகாவிடமே இருக்கிறது. 1988இல் வந்த ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ ஆல்பத்தில் ஜேசன் நியூஸ்டெட் வாசித்த பாஸ் கிட்டார் ஏறக்குறையக் காதில் விழாது. அங்கே கிட்டாரின் அடிப்பகுதி கிட்டாருடையதுதான். இரண்டு ஆல்பத்தையும் அடுத்தடுத்துக் கேட்டால், டோன் என்று நாம் பேசுவதில் எவ்வளவு பாஸ் கிட்டார் ஒளிந்திருக்கிறது என்று புரியும்.

ரிதம் வாசித்தது இரண்டு கிட்டார்காரர்களுமா?

ஆல்பத்தில் ரிதம் ஹெட்ஃபீல்ட். கிர்க் ஹாமெட் பெரும்பாலும் சோலோ. இருவரும் வாசித்தால் கை இரண்டு விதமாக இருக்கும், அடுக்கியது பிசிறும் என்பதால் ஒரே கையை வைத்தே அடுக்கினார்கள். அந்தக் கையும் லேசுப்பட்டதல்ல. நிமிடத்துக்கு 210 அடிக்கு மேல் போகும் தலைப்புப் பாடலின் வேகமான பகுதிகளை ஏறக்குறைய முழுக்கக் கீழ்நோக்கிய அடியாகவே வாசிப்பார். மேலும் கீழுமாக மாற்றி அடித்துப் பாருங்கள், சுரம் சரியாக இருக்கும், டோன் மாறிவிடும். கீழடி ஒவ்வொன்றும் ஒரே கனத்தில் விழும். எந்த ஆம்ப் வாங்கினாலும் இந்தப் பகுதி பெட்டியோடு வராது.

முந்தைய ஆல்பமான ‘ரைட் த லைட்னிங்’கிலும் மீசாவா?

இல்லை. அது மார்ஷல். அதன் பின்னால் ஒரு திருட்டு இருக்கிறது.

1983 ஆல்பமான ‘கில் எம் ஆல்’ காலத்தில் ஹெட்ஃபீல்டிடம் உள்ளே மாற்றம் செய்த ஒரு மார்ஷல் இருந்தது. அவருக்கு அதன்மேல் உயிர். 1984 ஜனவரியில் பாஸ்டனில் குழுவின் வண்டியோடு சாமான்கள் திருடுபோயின. அந்த மார்ஷலும் போனது. அடுத்த மாதமே கோபன்ஹேகனில் ஒலிப்பதிவு. ராஸ்முசனுடன் அவர்கள் சேர்ந்து வேலை செய்த முதல் ஆல்பம் அது. கையில் ஆம்ப் இல்லை, போன ஆம்ப்பின் சத்தம் மட்டும் தலைக்குள் இருக்கிறது. டென்மார்க்கில் கிடைத்த மார்ஷல்களை வரவழைத்து, ஒவ்வொன்றாக வாசித்து, பழையதுக்கு நெருங்கி வருவதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அதற்கப்புறம்தான் மீசா வந்தது. ‘ரைட் த லைட்னிங்’கின் டோனில் மிட் முன்னால் நிற்கும், ஓரம் கொஞ்சம் சொரசொரப்பு. ‘மாஸ்டரில்’ அதே ஸ்டுடியோ, அதே தயாரிப்பாளர், அதே கை. ஆனால் மிட் பின்வாங்கி, ஓரம் இழைத்ததுபோல வழவழப்பாகிவிட்டது. இத்தனையும் மாறாமல் ஆம்ப் மட்டும் பிரதானமாக மாறிய சோதனை வேறு எங்கும் எளிதில் கிடைக்காது. ஆம்ப்பின் பங்கு எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் இந்த இரண்டு ஆல்பத்தையும் ஒரே நாளில் கேளுங்கள்.

இன்னொன்று: ‘ரைட் த லைட்னிங்’குடன் சேர்ந்து வாசிக்கும்போது சுருதி ஒட்டாது. ஆல்பம் வழக்கமான சுருதியைவிடக் கொஞ்சம் மேலே நிற்கிறது. உங்கள் கிட்டாரில் குறையில்லை.

ட்யூப் ஸ்க்ரீமர் பெடல் கட்டாயமா?

மார்ஷல் என்றால் ஆம், கட்டாயம் என்றே சொல்வேன். டிரைவ் குமிழைக் குறைத்து, லெவலைக் கூட்டி வைத்தால் அது டிஸ்டார்ஷன் பெடலாக வேலை செய்யாது. சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைப் படிப்படியாகக் குறைத்து ஆம்ப்புக்குள் தள்ளும். அதாவது மீசா தன் பாஸ் குமிழை அணைத்துச் செய்யும் வேலையை மார்ஷலுக்கு இந்தப் பச்சைப் பெடல் செய்துகொடுக்கிறது. டூ-சி பிளஸ்ஸில் இது தேவையில்லை.

ஸ்பீக்கர், மைக் பற்றி யாருமே பேசுவதில்லையே?

பேச வேண்டியதே அதைத்தான். ஆம்ப்பை மாற்றினால் வரும் வித்தியாசத்தைவிடக் கேபினெட்டை மாற்றினால் வரும் வித்தியாசம் பெரிது. பன்னிரண்டு அங்குல கிட்டார் ஸ்பீக்கர் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் சரிந்து விழும். டிஸ்டார்ஷனின் கொசு ரீங்காரத்தை அதுதான் மறைக்கிறது. மைக்கை ஸ்பீக்கரின் நடுப்புள்ளிக்கு நேராக வைத்தால் கூர்மை, இரண்டு விரற்கடை ஓரம் நகர்த்தினால் மங்கல். ஆம்ப்பின் ட்ரெபிள் குமிழை எவ்வளவு திருப்பினாலும் இந்த இரண்டு விரற்கடை வேலையைச் செய்ய முடியாது.

80களில் மார்ஷல் கேபினெட்களில் பரவலாக வந்தது செலஸ்டியன் ஜி12டி-75 ஸ்பீக்கர். அதற்கே மிட் சற்றுப் பள்ளம். மார்ஷல் நான்கு ஸ்பீக்கர் பெட்டி, முன்னால் ஷூர் எஸ்எம்57 மைக் என்று தொடங்கினால் வெகுதூரம் விலகிப்போக மாட்டீர்கள்.

சோலோவும் அதே ஆம்ப்பா?

ஹாமெட்டிடமும் டூ-சி பிளஸ் இருந்தது. சோலோவில் மிட்டை அவ்வளவு வெட்டுவதில்லை. வெட்டினால் ரிதம் சுவருக்கு முன்னால் சோலோ காணாமல் போய்விடும். அவருக்கு வா-வா பெடல் வேறு இருக்கிறது.

வீட்டில் லேப்டாப்பில் இதைக் கொண்டுவர எங்கே தொடங்குவது?

பெரும்பாலான மாடலர்களில் டூ-சி பிளஸ் மாடல் ஒன்று இருக்கும். சட்டச் சிக்கலுக்காகப் பெயரை மாற்றி வைத்திருப்பார்கள். ஃப்ராக்டலில் ‘யுஎஸ்ஏ டூ-சி பிளஸ்’. இலவசமாக வேண்டும் என்றால் நியூரல் ஆம்ப் மாடலர் என்ற ஓப்பன் சோர்ஸ் பிளகின் இருக்கிறது. உண்மையான ஆம்ப்களைப் பலர் அதில் பதிவு செய்து பகிர்ந்திருக்கிறார்கள்.

ட்ரெபிள் 7 அல்லது 8, பாஸ் 1, மிடில் 3க்குள். லீட் டிரைவ் 6 போதும், 10 வேண்டாம். ஈக்வலைசரில் 750 நன்றாகக் கீழே, 80ம் 6600ம் நடுக்கோட்டுக்கு மேலே, 2200 கொஞ்சம் மேலே. ஆம்ப் மாடலின் பவர் பகுதியை மாற்ற வழியிருந்தால் இஎல்34 போட்டுப் பாருங்கள். கேபினெட் இம்பல்ஸ் (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலித்தன்மையைப் பதிந்த கோப்பு) நான்கு பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் கொண்ட மார்ஷல் பெட்டியுடையதாக இருக்கட்டும். ஒருமுறை வாசித்து இடது கோடியில் தள்ளுங்கள், மறுபடி வாசித்து வலது கோடியில். இரண்டிலும் கெய்னைக் குறைத்துக்கொண்டே வாருங்கள், வாசிப்பின் தப்பு வெளியே தெரிய ஆரம்பிக்கும் இடம்வரை. அந்த அளவுதான் ஆல்பத்தில் இருக்கிறது.

பழைய டூ-சி பிளஸ் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அசல்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் பின்பக்கம் பாருங்கள். தொழிற்சாலையில் டூ-சி பிளஸ்ஸை மற்ற டூ-சி-யிலிருந்து பிரித்துக்காட்ட, மின்கம்பி நுழையும் இடத்துக்கு மேலே கறுப்பு மார்க்கரால் கையாலேயே ஒரு கூட்டல் குறி போட்டார்கள். அவ்வளவுதான் அடையாளம். மார்க்கர் பேனா எல்லாக் கடையிலும் கிடைக்கும் என்பதை விற்பவர்களும் அறிவார்கள், ஆகவே குறியை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். பழைய மார்க் டூ ஆம்ப்களைப் பிற்பாடு பிளஸ்ஸாக மாற்றியதும் உண்டு. சீரியல் எண்ணைப் படம் எடுத்து மீசாவிடமே கேளுங்கள், மார்க் வரிசை தெரிந்த டெக்னீஷியன் ஒருவரை வைத்து உள்ளேயும் பாருங்கள்.

2021இல் கிப்சன் மீசாவை வாங்கியது. 2024இல் டூ-சி பிளஸ்ஸை மறுபடி தயாரித்து வெளியிட்டார்கள். வாசிக்கத்தான் வேண்டும், அலமாரியில் வைத்து அழகு பார்க்க அல்ல என்றால், நாற்பது வருடப் பழைய கெபாசிட்டர்களோடு மல்லுக்கட்டுவதைவிட அதுவே நல்லது. அமெரிக்காவிலிருந்து பழையதை வரவழைப்பதாக இருந்தால், பெரும்பாலும் அது 120 வோல்ட்டுக்கானது. நம் ஊர் 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகினால் முதல் நாளே புகை வரும். ஆம்ப் இழுக்கும் வாட்டேஜைவிடத் தாராளமான ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.